உள்ளறை சர்வர்

மூன்றாவது தடவையும் கம்ப்யூட்டர் ஆட்டம் அப்படியே நின்றது. பத்துத் திரையிலும் துப்பாக்கியோடு ஓடியவர்கள் ஓடிய காலோடு நின்றார்கள். இரண்டடி நகர்ந்து மறுபடி நின்றார்கள். நாச்சிமுத்து ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். என் பக்கம் திரும்பினான்.

“ஏனுங்க, நாங்க ஜெயிக்கப் போறப்ப மட்டும் எப்பிடிங்க நிக்குது?”

ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஐந்து பேருக்கு அவன்தான் தலைவன். எதிரணி எங்கள் திண்டுக்கல் பாரூக்கும் அவன் கூட்டாளிகளும். என் பிரவுசிங் சென்டரே கதி என்று கிடப்பவர்கள். அப்புறம் சந்தேகம் யார் மேல் வரும்?

“எங்களுக்கும்தான்ப்பா நிக்குது. வேணும்னா சீட்ட மாத்திக்குவோம்” என்றான் பாரூக்.

“சீட்டுல என்னங்க இருக்கு? எல்லாத்தயும் ஓட்டுற சர்வரு இந்த அண்ணன் வீட்டுக்குள்ளயல்ல இருக்குது. இன்னொருக்கா நின்னா நாங்க கெளம்பிருவோமுங்க.”

கிளம்பினால் சும்மாவா போவார்கள்? கடைக்காரன் ரொனால்டு கள்ள ஆட்டம் ஆடுகிறான் என்று என்னைப் பற்றிப் பழனி வரைக்கும் பரவும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்டு ஒருவன் புதுக்கடை திறந்திருக்கிற 2005-ம் வருஷத்தில், இந்தப் பெயர் ஒன்று போதும், நான் ஷட்டரை இறக்க.

ஒயரைப் பார்த்தாயிற்று, வைரஸும் பார்த்தாயிற்று. அப்போதுதான் உறைத்தது. இந்தப் புது பிராசஸர்கள் சூடு மிஞ்சினால் கருகிப் போகாமலிருக்கத் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போதுதான் சர்வருக்கு வேலையும் அதிகம், சூடும் அதிகம். ஆனால் அதைக் குளிர்விக்கிற ஃபேன் புதுசாயிற்றே! மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டு உள்ளறைக்கு ஓடினேன்.

சர்வர் மேல் குழந்தை இயேசு சொரூபம். அதன் அடியில், பெட்டியைப் பின்பக்கம் வரை மூடி, நீலக்கரை வைத்த வெள்ளை குரோஷா துணி. எனக்கு அந்தத் துணியைத் தெரியும். கிறிஸ்மஸுக்கு முன்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு என் மனைவி நான்சி பின்னியது. ஜனவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தோம். அப்புறம் அதை நான் பார்க்கவில்லை. எங்கே என்று கேட்கவும் பயம். சர்வர் வந்த அன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “இனிமே இதுதான் நம்ம பிள்ள” என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன்.

“நான்சி, இத எப்ப போட்ட?”

“காலைல, பூசைக்குப் போயிட்டு வந்து. தூசி உள்ள போனா நின்னுரும்னு நீங்கதான அம்புட்டுக் கத்துனீங்க.”

“காத்துப் போற வழி மூடிருக்கு. சூடேறித்தான் நிக்குது.”

அவள் முகம் வெளிறிவிட்டது. “அப்ப இதுவும் என்னாலதானா?”

பாவி நான், சொரூபத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுத் துணியை உருவினேன். சுட்டது. சற்று நேரத்தில் கடையில் துப்பாக்கிச் சத்தம் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வந்தது.

நிம்மதிப் பெருமூச்சு விடக்கூட இல்லை, நாச்சிமுத்து அறை வாசலில் நின்றான்.

“நீங்க உள்ள போனதும் சரியாயிருச்சு. அப்ப உங்க கையிலதான இருந்திருக்குது?”

துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அதைக் காட்டினால் பத்துப் பேர் நடுவில் அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி. காட்டாவிட்டால் நான் திருடன்.

நான்சி சொரூபத்தைக் கட்டிலில் வைத்தாள். என் கையிலிருந்து துணியை வாங்கி அவன் முன்னால் விரித்தாள். தொட்டிலுக்குப் போதுமான அளவுதான் இருந்தது.

“நான்தான் தம்பி மூடி வெச்சேன். தொட்டுப் பாருங்க. அவர ஒண்ணும் சொல்லாதீங்க.”

அவன் தொட்டான். துணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

“வர்றனுங்கக்கா” என்று சொல்லிவிட்டுத் தன் சீட்டுக்குப் போய் ஹெட்போனை மாட்டினான்.

பத்துத் திரையிலும் தடையில்லாமல் ஓடினார்கள். நான்சி துணியை மடிக்கவில்லை. அதைத் தோளில் போட்டு, ஒரு கையால் அணைத்துக்கொண்டு, சூடு ஆறும்வரை அங்கேயே நின்றாள்.