வீட்டுக்கு ஒரே நம்பர்

செத்துப்போனவரின் போனுக்கு அந்த வீட்டில் ராஜ உபசாரம் நடந்தது. காலையில் கண் விழித்ததும் ஆபரேட்டரம்மா அதன் முகத்தில்தான் விழிப்பாள். சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் வருகிறதா என்று பார்த்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, டிவிக்குப் பக்கத்தில் மடித்துப் போட்ட துண்டின் மேல் வைத்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவாள். மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்தாள். உயிரோடு இருந்தவரையில் அந்த மனிதருக்கே இவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை.

ஆபரேட்டரம்மா என்பது தெரு வைத்த பெயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரணைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள். யாராவது பெயரைச் சொன்னால் நம்பரைச் சொல்வது அவள் வேலை. ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு நம்பர். இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, ஒரே மூச்சில் இரண்டு தடவை சொல்லுவாள். ஒரு இலக்கம் பிசகியதாக அவள் மேல் ஒரு புகார் கிடையாது.

கணவர் அதே எக்ஸ்சேஞ்சில் லைன்மேன். வீட்டுக்கு ஒரே நம்பர் என்பது அவருடைய கொள்கை. கம்பம் கம்பமாக ஏறி வீட்டுக்கு ஒரு கம்பி இழுத்தே பழகிய மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்? கையில் போன் வந்த காலத்திலும், மெயில், வங்கி, காப்பீடு, மின்சாரம் என்று எது நம்பர் கேட்டாலும், பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தன் நம்பரையே கொடுத்தார். பிள்ளைகளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரேயடியாகப் போய் இரண்டரை வருஷம் ஆகிறது. நம்பர் மட்டும் போகவில்லை. பிள்ளைகள் எதைத் திறக்கப் போனாலும் அந்த ஆறு இலக்க ஓடிபி துண்டின் மேலிருக்கும் போனுக்குத்தான் வந்து விழும். உடனே அம்மாவை அவள் போனில் கூப்பிடுவார்கள்.

"அம்மா, ஓடிபி வந்திருக்கும் பாரு. சீக்கிரம்."

"இரு, கண்ணாடியைத் தேடறேன்."

"அது உன் மூக்கு மேலதான் இருக்கும். எப்பவும் அங்கதான் இருக்கு."

"அட, ஆமா. ஆறு... உன் குரல் ஏன் கம்மியிருக்கு? சளியா?"

"அம்மா!"

"சரிடி. ஆறு, ரெண்டு... அங்க மழையா? இங்க காலையிலேருந்து ஒரே மூட்டம்."

அதற்குள் நேரம் முடிந்துபோகும். "இன்னொரு தடவை அனுப்பறேன். இந்தத் தடவை கதை பேசாம சொல்லு" என்று மூத்தவள் பல்லைக் கடிப்பாள். ஆக, இன்னொரு இரண்டு நிமிஷம் கிடைக்கும்.

தடுமாற்றமெல்லாம் வேஷம். போன மாதம் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து பதினோரு தடவை கூப்பிட்டார்கள். அதில் ஒன்பது ஓடிபிக்கு. மீதி இரண்டில் ஒன்று கை தவறி வந்தது. அந்த ஒன்பதும் நின்றுபோனால் அப்புறம் என்ன மிஞ்சும் என்பது ஆபரேட்டரம்மாவுக்குத் தெரியும். அந்தக் கணக்குப் போட எக்ஸ்சேஞ்சு அனுபவம் தேவையில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூத்தவள் லேப்டாப்போடு வந்து நின்றபோது அவள் கண் முதலில் துண்டின் மேலிருந்த போனுக்குப் போயிற்று.

மூத்தவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த முகம், கண்ணுக்குக் கீழே கருவளையம். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "இன்னிக்கு உக்காந்து பேசி முடிச்சிடணும். நமக்கு அப்புறம் இந்தக் கணக்கெல்லாம் என்ன ஆகணும்னு."

"யாருக்கு அப்புறம்?"

"எல்லாருக்கும்தான். உனக்கு, எனக்கு, அவனுக்கு."

அவன் என்பது சின்னவன். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். சரக்கு ஏற்றும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வீடியோவில் பாதி நெற்றியும் மீதி லாரிக் கூரையுமாகத் தெரிந்தான்.

"திடீர்னு என்ன அக்கா இது, எமன் கிட்டேருந்து எதாவது நோட்டீஸ் வந்திருக்கா?" என்றான்.

மூத்தவள் சிரிக்கவில்லை. "எங்க டிபார்ட்மென்ட் அட்டெண்டர் போன வாரம் போயிட்டார். நல்லாதான் இருந்தார். நான் மார்ச்சுவரிக்குப் போனேன். அவர் சம்சாரமும் மச்சானும் அவர் விரலைப் பிடிச்சுப் போன் மேல வெச்சு அழுத்திட்டு இருந்தாங்க. திறக்கலை. துடைச்சுத் துடைச்சு வைக்கறாங்க. கட்டை விரல், ஆள்காட்டி விரல், அப்புறம் அடுத்த கை. நான் பார்த்துட்டு நின்னேன்."

லாரிப் பக்கம் யாரோ இரும்புக் கதவை அடைக்கும் சத்தம் கேட்டது.

"என் விரலை நல்லா சோப்புப் போட்டுத் துடைச்சிட்டு வைங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் ஆபரேட்டரம்மா.

"அம்மா, விளையாடாதே. எனக்கு அழ நேரமில்லைன்னு அழாம இருக்கேன். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் போன் அணைஞ்சு போச்சுன்னா, நாங்க ரெண்டு பேரும் நடுத்தெருவில நிப்போம். எங்க மெயிலைக்கூட எங்களால திறக்க முடியாது. முதல்ல எல்லாத்துக்கும் அவங்கவங்க நம்பரைக் குடுத்துடலாம். அப்புறம் எது யாருக்கு, எதை மூடணும்னு எழுதிடலாம்."

சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆபரேட்டரம்மாவுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. தப்பாகப் பேசினால் சண்டையாவது போடலாம்.

போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நம்பரை மாற்றுவதற்கும் பழைய நம்பருக்கே ஓடிபி வருமாம். தன் கழுத்துக்குத் தானே கயிறு பிடித்துக் கொடுக்கிற மாதிரிதான். மூத்தவளின் மெயிலுக்கு வந்ததைச் சொன்னாள். அது மாறியது. காப்பீட்டுக்கு வந்ததைச் சொன்னாள். அதுவும் மாறியது. ஒவ்வொன்றுக்கும் மூத்தவள் "முடிஞ்சுது" என்றாள். அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது.

மூன்றாவது, சின்னவனுடைய மெயில். திரையில் ஒன்று என்று இருந்ததை ஆபரேட்டரம்மா ஏழு என்று படித்தாள். தவறு என்றது. திரும்ப அனுப்பினார்கள். மூன்றை எட்டு என்றாள். மறுபடியும் தவறு. மூன்றாவது தடவையும் கடைசி இலக்கத்தை மாற்றிச் சொன்னதும், இன்னும் இருபத்து நாலு மணி நேரத்துக்கு எதுவும் செய்ய முடியாது என்று கணக்கு கதவை அடைத்துக்கொண்டது.

மூத்தவள் கையை நீட்டி அம்மாவின் மடியிலிருந்த போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு நிதானமாக நிமிர்ந்தாள்.

"முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் நம்பர் சொன்ன ஆளு நீ. உனக்கு ஒண்ணுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியலையா?"

"தெரியும்."

"பின்னே?"

"நம்பரை மாத்திட்டா நீங்க ரெண்டு பேரும் எதுக்குடி என்னைக் கூப்பிடுவீங்க?"

சொல்லிவிட்ட பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. அறுபத்து நாலு வயசில், ஆறு இலக்கத்தை வைத்துக்கொண்டு பிச்சை எடுக்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அம்மா, நான் இனிமே தினமும் கூப்பிடறேம்மா. சத்தியமா" என்றான் சின்னவன். நெற்றி மறைந்து இப்போது முழு முகமும் தெரிந்தது.

"வேண்டாம்டா. வண்டி ஓட்டறவன் சத்தியமெல்லாம் பண்ணாதே."

மூத்தவள் லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தாள், திரும்ப நிமிர்த்தினாள். அவளுக்கும் களைப்பு. எத்தனை பேருடைய எலும்பைப் பார்த்துவிட்டு வந்தாளோ. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க ஆபரேட்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தான் போன பிறகு இதே பெண் ஒரு மார்ச்சுவரியில் நின்று தன் விரலைத் துடைத்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தாள்.

"எழுதிக்கோ" என்றாள். "இந்தப் போனோட பூட்டைத் திறக்கற நம்பர். பூஜ்யம் பூஜ்யம், ஒண்ணு ஏழு. பூஜ்யம் பூஜ்யம், ஒண்ணு ஏழு."

"என்ன நம்பர் அது?"

"எக்ஸ்சேஞ்சில என் சீட் நம்பர். உங்கப்பா வெச்சது."

அதற்கப்புறம் பழைய குரல் வந்துவிட்டது. ஒவ்வொரு ஓடிபியையும் இரண்டிரண்டாக, இரண்டு தடவை, அட்சரம் பிசகாமல் சொன்னாள். மூத்தவளின் விரல்தான் பின்தங்கியது. ஒரு மணி நேரத்தில் மீதி எல்லாம் இடம் மாறியது. கதவடைத்ததை மறுநாள் முடிப்பதாகச் சொன்னார்கள். யாருக்குப் பிறகு யார் எதைத் திறக்கலாம் என்று மூத்தவள் தாளில் எழுதினாள். தன் பழைய சாட் எதையும் யாரும் படிக்கக்கூடாது, அப்படியே கொளுத்திவிட வேண்டும் என்று சின்னவன் கேட்டுக்கொண்டான். அப்பாவின் மெயிலில் இருந்த படங்களை எடுத்துக்கொண்டு அதை மூடுவது என்று முடிவாயிற்று.

"இந்த நம்பர்?" என்றாள் ஆபரேட்டரம்மா.

"ரீசார்ஜ் பண்ணலைன்னா கொஞ்ச நாள்ல போயிடும். அப்புறம் வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

அது அவளுக்குத் தெரியாததா? அந்த நம்பர் இப்போது வேறொருவருக்குப் போய்விட்டது, மன்னிக்கவும் என்று எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்! சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்திருக்கிறாள்.

"கடைசியா உன் மெயில். உன்னோட ஓடிபி எந்த நம்பருக்கு வரணும்?" என்று மூத்தவள் கேட்டாள். "உன் போன் தொலைஞ்சு போனாலும் திறக்கணும். என் நம்பரையே போட்டுடறேன்."

"போட்டுக்கோ" என்றாள் ஆபரேட்டரம்மா. அவளுக்கு எதையும் யோசிக்கத் தெம்பில்லை.

சின்னவன் நாலு நாள் தினமும் கூப்பிட்டான். ஐந்தாம் நாள் கூப்பிடவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, மலைப்பாதையில் போய்க்கொண்டிருப்பான். மூத்தவள் ஒரு தடவை கூப்பிட்டு, மாத்திரை வாங்கியாயிற்றா என்று கேட்டு வைத்துவிட்டாள். துண்டின் மேலிருந்த போன் மூச்சுக் காட்டாமல் கிடந்தது. ஆபரேட்டரம்மா காலையில் அதைத் துடைத்தாள். ரீசார்ஜ் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவள் தன் மெயிலைத் திறந்தாள். பாஸ்வேர்டு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற இடத்தில் அழுத்தினாள். ஓடிபி அனுப்பியாகிவிட்டது என்று வந்தது. மூத்தவளைக் கூப்பிட்டாள்.

ஐந்தாறு தடவை மணி அடித்து ஓயும் சமயத்தில் மூத்தவள் எடுத்தாள். பின்னால் யாரையோ மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா?"

"ஓடிபி வந்திருக்கும் பாரு."

"எதுக்கு?"

"மெயிலுக்கு. பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

ஒரு நம்பரையும் மறக்காதவள் அம்மா என்பது உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் மூத்தவளுக்குத் தெரியும். ஆபரேட்டரம்மா திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பின்னாலிருந்த குரல்கள் அடங்கின. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் வந்தது.

"நாலு" என்றாள் மூத்தவள். கொஞ்சம் நிறுத்தினாள். "காலையில என்னம்மா சாப்பிட்டே?"

"ரொட்டி."

"வெறும் ரொட்டியா? ம். நாலு, ஒம்போது... முட்டி வலி எப்படி இருக்கு?"

"மாடிப்படி ஏறும்போதுதான் பிடிக்குது. நீ சாப்பிட்டியா? இன்னிக்கும் ரெண்டு ஷிஃப்டா?"

"ஆமாம்மா. இரு, அடுத்தது... கண்ணே மங்குது." மூத்தவள் மூக்கை உறிஞ்சினாள். "அடடா, டைம் முடிஞ்சுடுச்சும்மா. இன்னொரு தடவை அனுப்பு."