வேடியப்பன் பேர்ல வாரண்டு

"போயி கேட்டுகினு வாடி. வாரண்டு இன்னும் கீதா, இல்ல எடுத்துட்டானுங்களான்னு தெரிஞ்சா எம்புள்ள பொங்கலுக்கு ஊட்டுக்கு வந்துடுவான்."

ராஜம்மாள் மருமகளைப் பிடித்துத் தள்ளாத குறை. கன்னியம்மா ராட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பாதி நூல் சுற்றிய தார்க்குச்சியை ஈரத்துணியில் சுருட்டினாள். பட்டு நூல் காய்ந்தால் கூலி போய்விடும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

போகிற வழியெல்லாம் கோயிலைக் கண்டால் கோயில், மாதா சிலையைக் கண்டால் மாதா என்று ஒன்றையும் விடாமல் கும்பிட்டாள். எல்லாரிடமும் ஒரே வேண்டுதல்தான். வாரண்டு அப்படியே இருக்க வேண்டும்.

அவள் புருஷன் வேடியப்பன் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த பெரியநாயகத்தின் தலையில் மூட்டைக் கொக்கியால் போட்டுவிட்டான். போலீஸ் முன்வாசலில் வந்து நிற்கும்போது பின்சுவர் ஏறிக் குதித்தவன் பெங்களூரில் போய்த்தான் நின்றான். ஊருக்கு அது பெரிய அவமானம். கன்னியம்மாவுக்கோ, கல்யாணமானதிலிருந்து அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

அவளுடைய இடது கை முழங்கைக்குக் கீழே கோணியிருக்கும். அவன் ஒடித்தது. மகள் சின்னபொண்ணு தவழ்கிற வயசில், கம்மலைக் கழற்றித் தரமாட்டேன் என்று கன்னியம்மா சொன்னதற்காக, குழந்தையை ஒற்றைக்காலில் பிடித்துக் கிணற்றுக்குள் தொங்கவிட்டான். குழந்தை அழக்கூட மறந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது ராஜம்மாள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஆம்பளைக்குக் கோவம் வந்தா அப்பிடித்தான். நீ இன்னாத்துக்கு வாய் குடுக்கற?"

இப்போது பெங்களூருக்கு அரிசி ஏற்றிப் போகும் லாரி டிரைவர் அய்யனார் மூலமாகச் சேதி வந்திருந்தது. வாரண்டு போயிருந்தால் வருகிறானாம். அய்யனார் சிரித்துக்கொண்டே இன்னொன்றையும் சொன்னான். "அவன் எந்தச் செவுரு ஏறிக் குதிச்சான்னு போலீசுக்குக் கைய நீட்டிக் காட்டுனது நீதானாமே? 'அந்தக் கைய வந்து பாத்துக்கறேன்னு சொல்லு'ன்னான் அண்ணி."

ஸ்டேஷனில் ரைட்டர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அய்யா, வேடியப்பன்னு... மில்லுல அடிதடி கேசு. அவரு மேல வாரண்டு இருக்குதுங்களா?"

"ஓ, நீதான் பொண்டாட்டியா? எங்க ஒளிச்சு வெச்சுகினு கீற அவன?"

"நான் வெச்சுக்கலீங்க. வாரண்டு..."

"மொதல்ல அவன இட்டுகினு வா. ஆளு வரட்டும், அப்பறம் தேடிப் பாக்கலாம் வாரண்ட."

"இருக்குதா இல்லியான்னு மட்டும் சொல்லுங்கய்யா."

"இருந்தா இருக்குது. இல்லாங்காட்டி ஒண்ணு போட்டுக்கறது. இன்னா கஷ்டம்?" என்றதும் பக்கத்திலிருந்த போலீஸ்காரர்கள் சிரித்தார்கள்.

வாசலில் நின்ற வயசான ஏட்டு மட்டும் வாய்க்குள்ளேயே சொன்னார். "இங்க யாரு கேட்டாலும் இதே பதில்தாம்மா. நெசம் தெரியணும்னா கோர்ட்டுக்குப் போ. யாராச்சும் ஒரு வக்கீல் குமாஸ்தாவப் புடி."

கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் அவளுக்கு அகப்பட்ட குமாஸ்தா மணவாளன். வெற்றிலை வாய், காலர் கிழிந்த சட்டை, அக்குளில் ஒரு கட்டுக் காகிதம். விஷயத்தைக் கேட்டதும் பிள்ளைக்குப் பாடம் எடுப்பதுபோல ஆரம்பித்துவிட்டார்.

"வாரண்டு போடறது போலீஸ் இல்லம்மா, கோர்ட்டு. வாய்தாவுக்கு ஆளு வரலன்னா ஜட்ஜு போடுவாரு. போலீசு வெறும் புடிக்கிறவன்தான். ஆளு ஓடிட்டா கேசைத் தனியா பிரிச்சு வேற நம்பர் குடுத்து வெச்சிருப்பாங்க. வருசமும் பேரும் அப்பன் பேரும் சொன்னா, உள்ள இருக்கற கோர்ட்டு போலீசு பாத்துச் சொல்லிடுவாரு. நமக்கு வேண்டியவருதான். ஒரு டீக்கு மட்டும் குடு."

கொடுத்தாள். அவர் உள்ளே போனார். டவாலி யார் யார் பேரையோ ராகம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பேருக்கும் யாரோ ஒருத்தர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வேடியப்பன் பேரைக் கூப்பிட்டு, அவன் வராமல் போய், ஜட்ஜு கோபமாக இன்னொரு வாரண்டு எழுதக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள்.

மணவாளன் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"சக்கரை வாங்கிப் போடும்மா வாயில! வாரண்டு ரத்து. அடி வாங்கனான் பாரு, பெரியநாயகம், அவனே 'எனக்கு கேசே வேணாஞ் சாமி, மன்னிச்சுட்டேன்'னு சொல்லிட்டான். சாட்சிங்களும் பல்டி. கேசையே வாபஸ் வாங்கிட்டாங்க. போன வருசமே முடிஞ்சுபோச்சு."

கன்னியம்மா புளியமர வேரில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தானாகத் தண்ணீர் வந்தது.

"பாத்தியா, சந்தோசத்துல அழுவுது" என்று பக்கத்துக் குமாஸ்தாவிடம் சொன்னார் மணவாளன்.

"நல்லா பாத்தீங்களா அய்யா? வேற வேடியப்பனா இருக்கப்போவுது."

"அப்பன் பேரு, தெரு, எல்லாம் சரியா கீதும்மா."

"செய்யாறு கோர்ட்டுல ஏதாச்சும்?"

"அங்க யார அடிச்சான்?"

"இல்ல... திரும்ப ஒரு வாரண்டு போட முடியாதுங்களா?"

மணவாளன் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். கோணின கையையும் பார்த்தார். "வாரண்டு இன்னா கல்யாணப் பத்திரிகையா, கேட்டவங்களுக்கெல்லாம் அடிச்சுக் குடுக்க? அவன் வந்து உன்ன ஏதாச்சும் செஞ்சான்னு வெய்யி, நேரா இங்க வா. ஜோரா ஒரு கேசு போட்டுடலாம்."

"செஞ்ச பெறகா?"

"செஞ்ச பெறகுதானேம்மா கேசு."

வீடு வந்து சேர்ந்தபோது ராஜம்மாள் வாசலிலேயே காத்திருந்தாள். கன்னியம்மா செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டாள். "கீதாம் அத்தை. வாரண்டு அப்பிடியே கீதாம். கால வெச்சா புடிச்சுடுவாங்களாம்."

ராஜம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும் சந்தேகம் வந்தது.

"ஏண்டி, நீ ஒயுங்கா கேட்டியா? அவன் வரக்கூடாதுன்னு நீயே கட்டிவுடுற. உன் மூஞ்சியே சரியில்ல. நாளைக்கு என்ன இஸ்துகினு போ. என் காதால கேட்டாத்தான் நம்புவேன். எங்க கேக்கணும் இத?"

கன்னியம்மா அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். மரத்தடிக்குக் கூட்டிப் போனால் மணவாளன் சர்க்கரை கேட்பார். ஆனால் நாக்கு தடுமாறவில்லை.

"ஸ்டேஷன்லதான் அத்தை. வாரண்டு போலீசு கையிலதானே இருக்கும்?"

மறுநாள் காலையில் இருவரும் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது எதிரே ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு வந்தது. மணவாளனேதான்.

"இன்னாம்மா, புருசன் வந்துட்டானா?"

"சொல்லி அனுப்பத்தான் போய்கினு கீறோங்க" என்றாள் கன்னியம்மா.

"ஜல்தியா வரச் சொல்லு! லேட்டாப் போனா கத்துவாரு, நான் வரேன்." சைக்கிள் நிற்கவே இல்லை.

"யார்டி அவன்? எம்புள்ளையப் பத்தி அவனுக்கு இன்னா?"

"நூலு கடை கணக்குப்புள்ளை அத்தை. ஊருக்கே தெரிஞ்ச கதைதானே."

ராஜம்மாள் சைக்கிள் போன திசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள். அவள் இன்னொரு கேள்வி கேட்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

அதே ரைட்டர். ராஜம்மாள் போனதும் போகாததுமாக மேஜைக்குக் கீழே குனிந்து அவர் காலைத் தேடினாள்.

"எழுந்துரு கெழவி. நேத்து பொண்டாட்டி, இன்னிக்கு ஆத்தாவா? நாளைக்கு அவன் மாமியா வருவாளா?"

"சாமி, எம்புள்ள மேல வாரண்டு கீதா சாமி? ஒரு வார்த்த சொல்லு."

"அவன இட்டுகினு வா, சொல்றேன். அவனுக்குன்னே உள்ள எடம் பெருக்கி வெச்சுகினு கீறேன்."

வேடியப்பனின் கேஸ் முடிந்துபோனது ரைட்டருக்குத் தெரியுமோ தெரியாதோ. கேட்டு வருகிறவர்களை அழவைத்து அனுப்பத் தெரியும். கன்னியம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நடுங்குவதைப் பார்த்தாள். இவ்வளவு போதும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் ஓரடி முன்னால் வந்து, தானே கேட்டாள்.

"அய்யா, அவரே வந்து கால்ல உயுந்தா உட்டுடுவீங்களா?"

"வுடறதா?" ரைட்டர் வாய்விட்டுச் சிரித்தார். "மண்டையப் பொளந்துட்டு எங்களுக்கே டேக்கா குடுத்துட்டு ஓடுனவன். காலு ரெண்டையும் ஒடச்சுட்டுத்தான் மத்த பேச்சு."

ராஜம்மாள் அங்கேயே சரிந்துவிட்டாள். ஏட்டு தண்ணீர் கொண்டுவந்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கன்னியம்மாவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். சொம்பை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

கிழவியைத் தாங்கிக்கொண்டு அவள் நேராக மில்லுக்குத்தான் போனாள். அய்யனார் லாரியில் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"நீயே சொல்லு அத்தை" என்றாள் கன்னியம்மா. "நான் சொன்னா உம்புள்ள நம்பமாட்டாரு."

ராஜம்மாள் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கி, ஒரு வார்த்தை விடாமல். "வரவேணாம்னு சொல்லுய்யா அய்யனாரு. ஆத்தா தன் காதால கேட்டான்னு சொல்லு. கால ஒடச்சிடுவானுங்களாம். பொங்கலுக்கும் வேணாம், எதுக்கும் வேணாம்."

"அப்ப எப்பதான் வரது பெரிம்மா?"

கிழவி மருமகள் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பப்ப விசாரிச்சுச் சொல்றோம்" என்றாள் கன்னியம்மா.

அய்யனாருக்கு மனசு கேட்கவில்லை. "அவன் வராங்காட்டி இன்னா? நீ வா. வண்டி இப்பவே கெளம்புது. முன்னால குந்திக்கோ. புள்ளையக் கண்ணால பாத்துட்டு வந்துடலாம்."

ராஜம்மாளின் முகம் ஒரு நொடியில் மாறிவிட்டது. கையூன்றி, லாரிப் படியில் ஒரு காலை வைத்தே விட்டாள்.

கன்னியம்மா அவள் காதோரம் குனிந்தாள். குரலில் அத்தனை அக்கறை. "நல்லா யோசிச்சுக்கோ அத்தை. அந்த ரைட்டரு உன் மூஞ்சிய நல்லா பாத்து வெச்சுகினான். நீ எங்க போறேன்னு பின்னாலயே ஆளு வரும். நீயே போயி அவரு இருக்கற எடத்தக் காட்டிக் குடுக்கப்போறியா?"

படியில் இருந்த கால் மெல்லக் கீழே இறங்கியது.

லாரி புகையைக் கக்கிக்கொண்டு போனது. அது திரும்பி மறைகிற வரைக்கும் ராஜம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப நான் செத்தா யாருடி எனக்குக் கொள்ளி வெப்பா?"

"பாத்துக்கலாம் அத்தை" என்றாள் கன்னியம்மா. "வா, வெயிலு ஏறுது. சின்னபொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து மத்தியானச் சோத்துக்கு வந்துடுவா."