பெயர் வெட்டிய போன்

காலை ரயிலில் யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாயால் அல்ல, போனில். எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் ஏறி, பங்காருப்பேட்டை தாண்டியதும் என் போன் சிணுங்கும். ‘குட்மார்னிங் ஐடா சாம்பியன் ரீப்ஸ்’ என்று ஒரு படம் புளூடூத்தில் வருகிறது, வாங்கிக்கொள்ளவா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துவேன். மறுநாளும் வரும்.

பெயர் தெரிகிறது, ஊர் தெரிகிறது. அப்படியானால் வீடும் தெரிந்திருக்கும். எதிர் சீட்டில் பேப்பர் படிக்கும் மனுஷனை நான் முறைத்த முறைப்பில், பாவம், அவர் வேறு இடம் தேடிப் போய்விட்டார். பெங்களூர் வேலையே வேண்டாம், நின்றுவிடலாம் என்ற முடிவுக்கும் வந்துவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. நினைத்தாலே அழுகை வந்தது.

மாரிகுப்பத்திலேயே ஏறி எனக்கும் இடம் போட்டு வைக்கும் ஞானசுந்தரி அக்கா நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். தன் போனில் புளூடூத்தைத் திறந்து தேடவிட்டாள். பக்கத்தில் இருக்கும் போன்களின் பெயர்கள் வந்தன. நடுவில் ‘ஐடா சாம்பியன் ரீப்ஸ்’.

“இன்னாடி இது? சம்படத்துல பேர் வெட்ற மாதிரி வெட்டி வெச்சிக்கிற?”

“எங்க வூட்டுக்காரர் வேலைக்கா.”

என் கணவர் ஸ்டீவன் வீட்டில் கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டுவார்கள். போன் தொலைந்தால் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று, வாங்கிய அன்றே பெயரும் ஊரும் போட்டுவிட்டார்.

“அனுப்புறவனுக்கு உன் மூஞ்சிகூடத் தெரியாதுடி. உன் போனேதான் ரயில் பொட்டி பூரா கூவிக்கினு வருது.”

அப்பாடா என்று இருந்தது. யாரும் என் பின்னால் வரவில்லை. வேலையை விட வேண்டியதில்லை. சந்தோஷத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன், அதே மூச்சில் ஸ்டீவனைத் திட்டவும் செய்தேன். அக்கா என் போனில் பெயரை அழித்தாள், மற்றவர் தேடினால் தெரியாதபடி மாற்றினாள், புளூடூத்தை அணைத்தாள். ஹாட்ஸ்பாட்டுக்கும் அதே பெயர்தான் இருந்தது. அதை மட்டும் நானே மாற்றினேன்.

மறுநாள் போன் சிணுங்கவில்லை. ஒயிட்பீல்டு வரை நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்று சாயங்காலம் ஸ்டீவன் கிரிக்கெட் பார்க்க என் ஹாட்ஸ்பாட்டைத் தேடினார்.

“ஐடா, உன் பேரே காணோம். ‘இன்னா வோணும்’னு ஒண்ணு வருது. யாருது அது?”

“என்னுதுதான்,” என்றேன். “சொல்லுங்க, இன்னா வோணும்?”