தலைக்கு ஐம்பத்து மூன்று கிலோ கரி

போன வருஷம் திருவனந்தபுரம் மாவட்டம் வெளியிலிருந்து ஒரு கிலோ காய்கறிகூட வாங்கவில்லை. அதற்குப் பதிலாக, கைக்குழந்தை உட்படத் தலைக்கு ஐம்பத்து மூன்று கிலோ அடுப்புக்கரி வாங்கியது. இதை நான் சொல்லவில்லை, அறிக்கை சொன்னது. அறிக்கைக்கு எண்களைக் கொடுத்தது மட்டும் நான்.

என் பெயர் சூடாமணி. கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம், முழுதாகச் சொல்ல இரண்டு மூச்சு பிடிக்கும். மாவட்டத்துக்குள் ஒரு வருஷத்தில் என்னென்ன சரக்கு வருகிறது, என்னென்ன போகிறது, இரண்டையும் கழித்தால் நாம் மேலா கீழா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. எப்போதும் கீழேதான். அரிசி வரும், முட்டை வரும், பால் வரும், பூ வரும். கழக்கூட்டத்திலிருந்து மென்பொருள் போகும், கடலிலிருந்து மீன் போகும், வீட்டுக்கு ஒருத்தியாக நர்சுகள் வெளிநாடு போவார்கள். நர்சுகளைச் சரக்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தனியாகச் சுற்றறிக்கையே உண்டு. சேர்த்திருந்தால் ஒரு வருஷமாவது மேலே வந்திருப்போம்.

நான் ஒப்பந்த ஊழியை. ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதியும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாள் இடைவெளி விட்டு, ஏப்ரல் இரண்டாம் தேதி புதிதாகப் பிறந்தவளைச் சேர்ப்பது மாதிரி சேர்த்துக்கொள்வார்கள். இப்படி ஒன்பது பிறவி எடுத்தாயிற்று. பத்தாவதையும் முடித்தால் நிரந்தரமாக்குவார்கள் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு. உத்தரவு ஒன்றும் இல்லை, பேச்சுதான். ஆனால் நாற்பத்தேழு வயதில் அந்தப் பேச்சை நம்ப எனக்குக் கொள்ளை ஆசையாக இருந்தது.

என்னை எடுத்ததே தமிழ் தெரியும் என்பதற்காக. மாவட்டத்துக்குக் காய்கறி முழுவதும் வருகிற தமிழ்நாட்டு எல்லை களியக்காவிளை. அங்கே நெடுஞ்சாலை ஓரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு லாரி எண்ணுகிற தாணுமாலையன், படிவத்தைத் தமிழில்தான் நிரப்புவார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், அவரும் ஒப்பந்தம். லாரியை நிறுத்தி என்ன சரக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஒரே லாரியை இரண்டு தடவை எண்ணிவிடாமல் இருக்கப் பின்பக்கப் பலகையில் சாக்பீஸால் சரக்கின் பெயரையும் எழுதி அனுப்புவார். படிவங்கள் என்னிடம் வரும். நான் ஒவ்வொரு சரக்குக்கும் குறியீட்டு எண் போடுவேன். காய்கறிக்குப் பூஜ்யம் ஏழு, கரிக்கு நாற்பத்து நான்கு. கம்ப்யூட்டருக்கு எண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மேலே இருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

பிப்ரவரியில் வருஷக் கணக்கு கூட்டி வந்தது. காய்கறி வரத்து: பூஜ்யம். கரி வரத்து: ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் டன். முந்தின வருஷம் கரி வந்தது வெறும் தொள்ளாயிரம் டன்.

சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் எங்கேயோ இடிக்கிறதே என்பார்கள். எங்கள் இணை இயக்குநர் அனில் சார் எழுந்து நின்று கைதட்டினார். அவர் என்னிடம் தமிழ் பேசுவார். தமிழ் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதைப் பேசுவார்.

"சூடாமணி, இது சரித்திரமாணு! மலக்கறியில நம்மள் சுயம்பர்யாப்தம்! ஒரு வெண்டைக்காகூட பொறத்தேயிருந்து வந்நிட்டில்லா!"

காய்கறியில் மாவட்டம் தன்னிறைவு அடைந்துவிட்டதாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாலைக் கடைத்தெருவில் இரண்டு பை நிறையக் காய்கறி வாங்கி, டிரைவரைத் தூக்கவிட்டுப் பின்னால் நடந்து வருபவர் இதைச் சொன்னார்.

கரிக்கு விளக்கம் எழுத ஆலோசகர் டாக்டர் ஸ்மிதா வந்தார். முகத்தில் சந்தேகத்தின் சாயலே இல்லாத பெண்மணி. கழக்கூட்டம் தொடங்கி நெய்யாற்றின்கரை வரை அல்ஃபாம் கடை, குழிமந்திக் கடை, இரவெல்லாம் கோழி சுடுகிறார்கள், அதனால் கரித் தேவை பெருகிவிட்டது என்று நான்கு பக்கம் எழுதினார். காய்கறியின் பூஜ்யத்துக்கு மொட்டைமாடியில் பை வைத்துச் செடி வளர்ப்பதைக் காரணம் காட்டினார். எங்கள் மாடியிலும் அப்படி ஒரு பை இருக்கிறது. அதில் ஒரு கறிவேப்பிலைச் செடி மூன்று வருஷமாக ஆறு இலையோடு நிற்கிறது. அதை நம்பித்தான் மாவட்டம் பிழைத்தது என்று தெரிந்தபோது எனக்கு அதன்மேல் தனி மரியாதை வந்தது.

நானும் கேள்வி கேட்கவில்லை என்பதை ஒளிக்க மாட்டேன். அறிக்கை நன்றாக வந்தால் என் புதுப்பிப்பும் நன்றாக நடக்கும் என்று அனில் சார் இரண்டு தடவை சொல்லியிருந்தார். ஒரு தடவை சொல்லியிருந்தாலும் கேள்வி கேட்டிருக்க மாட்டேன்.

மார்ச் இரண்டாவது வாரம் தாணுமாலையன் நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு காகிதம். காய்கறி வரத்து அற்றுப்போனதால் களியக்காவிளையில் எண்ணும் இடம் இம்மாதத்தோடு மூடப்படும், அவர் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது.

"அக்கா, காய்கறி வரல்லேன்னு எனக்க எடத்த மூடுகாவளாம். இது என்ன கூத்தாக்கும்? நாளொண்ணுக்கு நாப்பது லோடு மரக்கறி எண்ணுகேன். வெயில்ல இருந்து எண்ணுகேன். வரல்லேன்னா, அப்பம் நான் எண்ணுகது என்னவாக்கும்?"

"மரக்கரியா? அதான் கரின்னு போட்டிருக்கே. நாப்பது லோடும் கரியாத்தான் போட்டிருக்கேன்" என்றேன்.

"கரியா?"

"அடுப்புக்கரி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா, மரக்கறி. கத்தரிக்கா, வெண்டைக்கா, தடியங்கா. எங்க ஊருல மரக்கறின்னா இதாக்கும்."

படிவக் கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதைப் படிங்கோ. சின்ன ர-வா, பெரிய ற-வா?"

அவர் குனிந்து பார்த்தார். ஒரு வருஷத்துப் படிவங்கள், எல்லாவற்றிலும் அழகான கையெழுத்தில் சின்ன ர. மரக்கரி, மரக்கரி, மரக்கரி. "சொல்லும்போ ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு" என்றார் மெதுவாக.

இதுதான் சங்கடம். மலையாளிக்குக் கரியும் கறியும் நாக்கிலேயே வேறு வேறு. ஒன்று பல்லுக்குப் பக்கத்தில் லேசாகத் தட்டும், மற்றது அண்ணத்தில் உருளும். நம் நாக்குக்கு இரண்டும் ஒன்று, எழுதும்போதுதான் வாத்தியார் தெரிவார். தாணுமாலையனுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் 'வெஜ்' என்று எழுதிப் பிழைத்துப்போனார். தாணுமாலையனைச் சொல்லி நான் தப்பிக்கவும் முடியாது. இதே ஊரில் மலையாளத்தில் மலக்கறி வாங்குகிறவள் நான். வீட்டில் எங்களுக்குக் கறிகாய். தமிழில் எழுதியிருக்கிறதே என்று மூளையைத் தமிழுக்குத் திருப்பி, மரத்தைச் சுட்ட கரி என்று மேதாவித்தனமாகப் படித்துவிட்டேன். எழுத்து அவர் பிழை, எண் என் பிழை. வேலை போகப்போவது அவருக்கு.

"ஊருக்குப் போயி என்ன செய்ய? எம்பொண்ணு இங்க பாறசாலையில பத்தாவது படிக்கா" என்றார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

அனில் சார் அறைக்குப் போனேன். உள்ளதைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"சூடாமணி, ப்ரெஸ் நோட் ரெடி. வியாழாழ்ச்ச செயலாளர் வருது, ரிலீஸ் உண்டு, சத்ய உண்டு. இப்போ ஒண்ணும் பறயண்டா. அடுத்த கொல்லம் மலக்கறி திரிச்சு வரும். நமுக்கு அதை வளர்ச்சி எண்ணு பறயாம்."

வியாழக்கிழமை துறைச் செயலாளர் வருகிறார், வெளியீடும் இலை போட்டு விருந்தும் உண்டு, அதனால் வாயைத் திறக்காதே, அடுத்த வருஷம் காய்கறி திரும்பி வரும், அதையும் வளர்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறார். பூஜ்யத்திலிருந்து ஒன்றே முக்கால் லட்சம் டன். அப்படி ஒரு வளர்ச்சி உலகத்திலேயே கிடையாது.

"தாணுமாலையன், சார்?"

"பாவம்" என்றார். பிறகு மேஜைமேல் ஒரு கோப்பைத் தட்டினார். "இது சூடாமணியோட ஃபைல். ஞான் நாளைக்கு ஒப்பிடாம்."

ஒப்பிடுவது என்றால் மலையாளத்தில் கையெழுத்துப் போடுவது. தமிழில் வேறு அர்த்தம். இரண்டும் பொருத்தமாகத்தான் இருந்தது. என் பத்தாவது பிறவியையும் தாணுமாலையனுடைய நாற்காலியையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் சேஷனிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடக்காமலே கேட்டார். "சொன்னா உன் வேலை போகும். சொல்லலேன்னா ஆயுசுக்கும் என்னைத் தூங்கவிடாம இதையே சொல்லிண்டிருப்பே. எனக்கு எது நஷ்டம்னு யோசிச்சுப் பார்த்துட்டேன். போய்ச் சொல்லிடு."

வியாழக்கிழமை வெளியீடு. கூட்டம் சேர்க்க, லாரி எண்ணும் ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். தாணுமாலையன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் இருந்தார். டாக்டர் ஸ்மிதா அல்ஃபாம் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். எல்லோருக்கும் பசித்தது. அப்புறம் இலை போட்டார்கள். அவியல், ஓலன், எரிசேரி, தோரன், பச்சடி, கூட்டுகறி, சாம்பார். காய்கறியில் தன்னிறைவு கண்டதற்கான விருந்து என்பதால் காய்கறி வழிந்தது. இலையே எல்லை தாண்டி வந்த இலை.

செயலாளர் அவியலில் கை வைத்தார். நான் பரிமாறுகிறவர்களுக்கு நடுவே போய் நின்றேன். மலையாளத்தில்தான் சொன்னேன், அதில் சொன்னால்தான் எழுத்து கேட்கும்.

"சார், சாப்பிடுவதற்கு முன் ஒரு திருத்தம். நம் அறிக்கைப்படி உங்கள் இலையில் இருப்பது எல்லாமே கரி."

செயலாளரின் கை அவியலிலேயே இருந்தது. ரகரத்தை ஒரு தடவை, றகரத்தை ஒரு தடவை உருட்டிச் சொல்லி, படிவத்தையும் நீட்டினேன். அவர் படித்தார். முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு புரையேறித் தண்ணீர் குடித்தார். "கூட்டுகரி" என்று யாரோ சொன்னார்கள். அதன் பிறகு அந்தக் கூடத்தில் யாரையும் அடக்க முடியவில்லை. சிரிக்காதவர்கள் அனில் சாரும் டாக்டர் ஸ்மிதாவும்தான்.

"ஆருடெ தெற்று?" என்று கேட்டார் செயலாளர். யாருடைய தப்பு?

"எழுதினது நானாக்கும், சார்" என்று கடைசி வரிசையில் எழுந்தார் தாணுமாலையன்.

"வாசிச்சது நான்" என்றேன்.

இரண்டு பேர் ஒரே தப்புக்கு உரிமை கொண்டாடியது அந்த அலுவலகத்தில் அதுவரை நடக்காத விஷயம். தப்பை ஒப்புக்கொள்வதற்கு அங்கே படிவமே கிடையாது. களியக்காவிளையை மூட வேண்டாம் என்று செயலாளர் வாயாலேயே உத்தரவிட்டார். பிறகு பாயசம் வந்தது.

அறிக்கையில் ஒரு சீட்டு ஒட்டினார்கள். பக்கம் நாற்பத்தொன்று: கரி என்பதைக் கறி என்று வாசிக்கவும். டாக்டர் ஸ்மிதாவின் நான்கு பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்த ஓர் எழுத்து போதாது.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். தாணுமாலையனுக்குப் புதுப்பிப்பு வந்திருந்தது. எனக்கு ஒரு உறை. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம் ஒரே வரி: தமிழறிவு போதாது. அதற்குச் சான்றளித்துக் கையெழுத்துப் போட்டிருந்தவர் அனில் சார்.

கோபம் வந்தது. அவமானமாகவும் இருந்தது. ஐந்து தலைமுறையாக இந்த ஊரில் தமிழைக் கட்டிக்கொண்டு அழுகிற குடும்பம் நாங்கள். பஸ் ஏற மனமில்லாமல் கிழக்கேக்கோட்டை வரை நடந்தேன். பழவங்காடிப் பிள்ளையாரிடம் நின்று, தேங்காய் உடைக்காமல் நாலு வார்த்தை கேட்டேன். அப்படியே சாலைக் கடைத்தெருவுக்குள் போனேன்.

ஒரு லாரியிலிருந்து கத்தரிக்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் பின்பக்கப் பலகையில் சாக்பீஸ் எழுத்து. எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. மரக்கறி என்று இருந்தது. மற்ற எழுத்தெல்லாம் விரல் அளவு, ற மட்டும் முழ அளவு. பலகையின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அடுத்த லாரியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. அப்புறம் கத்தரிக்காய் அரைக் கிலோ வாங்கினேன். குறியீடு பூஜ்யம் ஏழு.