காப்புக் கட்டிய பதினைந்து நாள்

மீரானுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்ப்பான். அறுபத்திரண்டாம் வருஷத்துச் சித்திரையில் அவன் வளர்த்தது பொன்னுத்துரையைப் பற்றிய சந்தேகம்.

மீரானுக்குத் திண்டுக்கல் பேகம்பூரில், தோல் பதனிடும் ஷாப்பில் தையல் வேலை. பொன்னுத்துரை ஆத்தூர்ப் பக்கம் கத்தரியும் தக்காளியும் போடுகிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் நடுவில் இருந்ததைச் சிநேகிதம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. மூன்று வருஷமாக அவர்களும் ஊரை அப்படியே நினைக்க விட்டிருந்தார்கள்.

போன வருஷம் பொன்னுத்துரைதான் பேச்செடுத்தான்.

"மதுரையில அழகர் ஆத்துல இறங்குறப்பப் போயிருக்கியா? ஆம்பளைக கண்ணுக்கு மையிட்டு, காலுல சலங்கை கட்டி, சரிகைத் துணியில ஆடிக்கிட்டுப் போவாக. அந்தக் கூட்டத்துல ரெண்டு ஆம்பளை கையைக் கோத்துக்கிட்டு நடந்தா எவன் கேப்பான்? அடுத்த வருஷம் சாமிக்குத் தண்ணி பீய்ச்ச நேந்திருக்கேன். நீயும் வா."

அன்றிலிருந்து மீரான் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். பட்டப்பகலில், பெரிய தெருவில், அத்தனை சனத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வேறு ஆசையில்லை. தண்ணீர் பீய்ச்சுவதற்கான பையை அய்யலூர்ச் சந்தைக் கிடாயின் தோலில் தானே தைத்தான்.

திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பொன்னுத்துரை மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு வந்தான். விரதக் காப்பு. கறி, மீன் கிடையாது என்றான். அது மீரானுக்கும் தெரிந்ததுதான். ஆனால் டீக்கடைப் பெஞ்சில் தொடை உரச உட்காருகிறவன் ஏன் மறுகோடிக்குப் போனான்? தோளில் கை போட்டால் ஏன் நழுவினான்?

கறி தின்கிற உடம்பு என்று கூசுகிறானோ? மீரான் ஒரு வாரம் கறியைத் தொடவில்லை. காய்ச்சலோ என்று அக்கா தாஹிரா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியும் பொன்னுத்துரை கிட்டே வந்தபாடில்லை.

போதாக்குறைக்கு, கூட வேலை பார்க்கும் பெரியகருப்பன் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தான்.

"ஒஞ் சேக்காளிக்குப் பொண்ணு பாத்திருக்காகளாம்ல. ஒங்கிட்டச் சொல்லலையா?"

எல்லாம் கச்சிதமாகப் பொருந்திப் போயிற்று. பொறாமையில் மீரானுக்குச் சோறு இறங்கவில்லை. மதுரைக்கு இனி அவளைத்தான் கூட்டிப்போவான், நாம் பை தைத்துக் கொடுக்கிற ஆள் மட்டும்தான் என்று முடிவே கட்டிவிட்டான்.

நாலு நாள் இருக்கையில் பொன்னுத்துரை பையை வாங்க ஷாப்புக்கு வந்தான். மீரான் நீட்டினான். கையில் வாங்காமல், கீழே வைக்கச் சொன்னான் பொன்னுத்துரை. மீரானுக்குச் சுருக்கென்றது. எட்டி அவன் கையைப் பிடித்தான்.

"யாரை ஏய்க்கிற? பொண்ணு பாத்தாச்சு, இப்ப என்னையத் தொட்டா ஒட்டிக்கிருமோ?"

"விடுலே. காப்புக் கட்டியிருக்கேன்."

"காப்புக் கட்டுனா கறிதான திங்கக்கூடாது? மனுசனைத் தொடக்கூடாதுன்னு எவன் சொன்னான்? நேத்துப் பெரியகருப்பன் தோள்ல தட்டுனியே."

பொன்னுத்துரை வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அவனைத் தொடலாம். பொண்டாட்டியைத்தான் தொடக்கூடாது. பூசாரி காப்புக் கட்டுறப்ப எல்லாருக்கும் அதைச் சொன்னாரு. ஒனக்குத்தான் பொண்டாட்டியே இல்லையேன்னு மத்தவக என்னையப் பாத்துச் சிரிச்சாக. நான் சிரிக்கல."

மீரான் அவன் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தான்.

"வீட்ல பொண்ணு பாத்தது நெசந்தான். வேணாம்னுட்டேன். சாமி மேல தண்ணி பட்டதும் காப்பை அவுத்துருவேன். அதுக்கப்புறம் போதும் விடுன்னு நீயே சொன்னாலும் கையை விட மாட்டேன்."

மீரான் பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டான்.

"அப்பத் தள்ளி நில்லு" என்றான். "இன்னும் நாலு நாளு கிடக்கு."