முக்கால் டாக்டர்

கிளினிக்கில் அவளுடைய அறைக் கதவில் பலகை மாட்டின அன்றைக்கே வம்பு ஆரம்பித்துவிட்டது. 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற இரண்டு வார்த்தையை முழுசாகப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. முதல் ஆளாக உள்ளே வந்த பெரியவர் நாக்கை நீட்டினார், சட்டையைத் தூக்கினார், மூச்சை இழுத்து விட்டார், அவள் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "சரி சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" என்றார்.

"நான்தான் பார்த்துட்டேனேங்க."

"நீங்க பார்த்தீங்க, சந்தோஷம். டாக்டர் பார்க்க வேணாமா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நர்ஸ் என்றால் ஊசி போடுகிறவர், டாக்டர் என்றால் ஊசி போடச் சொல்கிறவர் என்றுதான் ஜனங்களுக்குத் தெரியும். நோயாளியைச் சோதிக்கவும், என்ன நோய் என்று முடிவு கட்டவும், மருந்து எழுதவும் மேற்கொண்டு படித்துத் தேறிய நர்ஸ் என்று ஒரு ரகம் உண்டு என்பதை விளக்கி முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். எதையும் ஒரு வார்த்தையில் பழுதுபார்த்துவிடுவார். "எங்க வீட்டு அம்மா இப்ப முக்கால் டாக்டர்" என்று சிநேகிதர்களிடம் சொல்லிவைத்தார். மீதிக் கால் எங்கே என்று யாராவது கேட்டால், "அது இன்னும் லிப்ட்ல ஏறல, கீழேயே நிக்குது" என்பார்.

முதன்முதலில் நர்சிங் பள்ளியில் அவளுக்கு வைத்த பரீட்சை, ஆள் படுத்திருக்கும்போதே படுக்கை விரிப்பை மாற்றுவது. அதில் தேறி வந்து வார்டில் வருஷக்கணக்காக நின்றாள். உட்கார நேரமிருந்த நாட்கள் நினைவில் இல்லை. அங்கே அவள் கற்ற பெரிய வித்தை எந்தப் பாடத்திலும் கிடையாது. ஒரு நோயாளிக்கு உடம்பு மோசமாகப் போகிறது என்று அவளுக்கு முதலிலேயே தெரிந்துவிடும். ஆனால் அதை டாக்டரிடம் தெரிந்தமாதிரி சொல்லக்கூடாது. "சார், அந்தக் கடைசி பெட்டைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று இழுக்க வேண்டும். அவர் வந்து பார்த்து, தானே கண்டுபிடித்ததுபோல் மருந்தை மாற்றினால், "நல்லவேளை சார்" என்று ஒத்து ஊத வேண்டும். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள், "பாருங்களேன் பாருங்களேன்னு சொல்லியே என் பாதி ஆயுசு போச்சு. நானே பார்த்தா என்ன?" என்று தட்டைத் தள்ளிவைத்தாள். அதுதான் ஆரம்பம்.

வேலையும் படிப்பும் ஒன்றாக ஓடின. கணவர் காய் நறுக்கிக்கொண்டே மருந்துப் பெயர்களைக் கேள்வி கேட்பார். அவர் வாயில் அந்தப் பெயர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அவரைத் திருத்தித் திருத்தியே அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. பரீட்சை முடிந்து, பயிற்சி முடிந்து, உரிமமும் வந்து, வேலையும் கிடைத்தபோது, கரையேறிவிட்டோம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

உண்மையான வேடிக்கை அதற்குப் பிறகுதான். அவ்வளவு ஆசைப்பட்ட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை. சாதாரணக் காய்ச்சலுக்குக்கூட, "ஒரு நிமிஷம், டாக்டர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்துவிடுவாள். நடைபாதை பெஞ்சில் காத்திருக்கும் அத்தனை பேரும் பார்க்க, எதிர் அறைக் கதவைத் தட்டுவாள். உள்ளே இருந்த டாக்டர் அவளைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சிஸ்டர், நீங்க சொல்ற பதில் எல்லாமே சரியாத்தான் இருக்கு. அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேள்வி? சந்தேகம் வந்தா வாங்க. பயம் வந்தா வராதீங்க" என்றார்.

முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. அந்த வாரமே பழைய ஆஸ்பத்திரி மேட்ரன் போன் செய்தார். "உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடல. ஒத்து வரலன்னா கூச்சப்படாம திரும்பி வா. கொஞ்ச நாள் பிடிச்சு வைக்கிறேன்." வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக நின்றாள். இந்த நாற்காலிக்கு நான் லாயக்குதானா என்ற ஒரே கேள்விதான் தூங்கப் போகும்போதும் எழும்போதும்.

அப்போது வந்தவர்தான் லாண்டரிக்காரர். அதே தெருவில் கடை. வார்டு நாட்களில் அவளுடைய சீருடையையும் இப்போது வெள்ளைக் கோட்டையும் தேய்த்துக் கொடுப்பவர் அவர்தான். ரத்த அழுத்தம் நன்றாக ஏறியிருந்தது. அவள் எதிர்க் கதவைத் தட்டவில்லை. யோசித்து, கேள்விகள் கேட்டு, தானே ஒரு மாத்திரை எழுதினாள். யாரையும் கேட்காமல் அவள் எழுதிய முதல் மருந்து அது. "அண்ணே, தினமும் காலையில ஒண்ணு" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. அவரும் அதைக் கவனித்தார்.

சொன்ன தேதியில் மறுபடி வந்தார். வெளியே கூட்டம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துக் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். அளவு அழகாக இறங்கியிருந்தது.

"எப்படிண்ணே இருக்கு?"

"பரவாயில்ல சிஸ்டர்."

அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில், அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பிவைத்தாள். 'பரவாயில்ல' என்ற வார்த்தையை நம்பியது அவள் தவறு. நம் ஜனங்கள் அதை எதற்குத்தான் சொல்ல மாட்டார்கள்? குணமானாலும் பரவாயில்லை, குணமாகாவிட்டாலும் பரவாயில்லை, உயிர் போகிற வலியிலும் உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்றால் அதற்கும் பரவாயில்லைதான். வார்டில் இதே வார்த்தையைக் கேட்டால் சட்டென்று போர்வையை விலக்கிப் பார்த்திருப்பாள். இங்கே நடுவில் மேசை இருந்தது, பட்டையில் நல்ல எண் இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டாள்.

சில வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் கோட்டை வாங்கக் கடைக்குப் போனாள். லாண்டரிக்காரர் தேய்ப்புப் பெட்டியை நிறுத்திவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டாள். "பரவாயில்ல, லேசா தலை கனக்குது" என்றார். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பரவாயில்ல? மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சு, அதைச் சொல்லுங்களேன்! கால் ரெண்டும் செருப்புக்குள்ள போகாத அளவுக்கு வீங்கிச்சு சிஸ்டர். அதான் நிறுத்திட்டாரு. இப்ப வீக்கம் போச்சு, தலைவலி வந்துடுச்சு."

"நீ சும்மா இரு" என்று அவர் அதட்டினார். அதட்டலில் பலம் இல்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அவள் படித்ததுதான். கணவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்ட கேள்விதான். "அன்னிக்கு வந்தீங்களேண்ணே, அப்பவே வீக்கம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் தேய்ப்புப் பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டுச் சொன்னார். "நீங்க அங்க புதுசு. ஒவ்வொண்ணுக்கும் அந்த டாக்டர் கதவுக்கு ஓடிட்டு இருந்தீங்க, பெஞ்சில உட்கார்ந்து நானும் பார்த்தேன். எனக்கு ஒரு மருந்து எழுதறதுக்கே உங்க குரல் நடுங்கிச்சு. அது ஒத்துக்கலன்னு நான் சொன்னா, அவரு உங்களைப் பிடிச்சுத் திட்டுவாரு, வேலைக்கே ஏதாவது வந்துடும்னு நினைச்சேன். சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்டுப் பழகின வாய். தங்கச்சி மாட்டிக்கக் கூடாதில்ல?"

அவரை எழுப்பிக் கையோடு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார். அளவு பழையபடி ஏறி, அதற்கு மேலும் போயிருந்தது. நெஞ்சு வலி உண்டா, கண் மங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கையை உயர்த்தச் சொல்லிப் பார்த்தாள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். செருப்பைக் கழற்றச் சொல்லிக் குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். ஆபத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வேறு வகை மாத்திரை எழுதி, ரத்தப் பரிசோதனைக்கும் சொல்லி, மறுநாள் காலை கட்டாயம் வரச் சொன்னாள். "தப்பு என் மேலதான். என்ன வந்தாலும் என்கிட்ட மறைக்கக் கூடாதுண்ணே" என்றாள். "சரிம்மா, சரிம்மா" என்று அவர் தலையாட்டின விதமே அவளுக்கு நம்பிக்கை தரவில்லை. பிறகு டாக்டருக்குப் போன் செய்து, செய்ததையெல்லாம் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிதான், நாளைக்கு நானும் ஒரு தடவை பார்க்கிறேன்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை அழுதுகொண்டே சொன்னாள். "முக்கால் டாக்டர்னு சொன்னீங்களே, சரியாத்தான் சொன்னீங்க. காலைத்தான் பார்க்காம விட்டுட்டேன்."

எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! ஆனால் சாவு வீட்டிலும் ஜோக்கடிக்கிற மனிதர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அவரு நோயாளி. அவரு என்னைக் காப்பாத்தப் பார்த்திருக்காரு, அதுக்குத் தன் உசுரையே பணயம் வச்சு. நான் பயந்ததுனால வந்த வினை. நான் மேட்ரன்கிட்ட திரும்பப் போயிடறேங்க."

"உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றார் அவர். "ஆனா இன்னிக்கு முடிவு பண்ணாதே."

மறுநாள் போன் செய்த மேட்ரன் அடுத்த வார வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார். அதற்குமேல் தன்னால் முடியாது, மேலிடத்தில் கேட்கிறார்கள் என்றார்.

இடைப்பட்ட நாட்களில் அவள் மேசையை நகர்த்திச் சுவரோரம் போட்டாள். நோயாளிக்கும் தனக்கும் நடுவில் எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. 'பரவாயில்ல' என்று யாராவது சொன்னால் விடுவதில்லை. "எது பரவாயில்ல? தூக்கமா, நடையா, சாப்பாடா?" என்று பிடுங்கி எடுத்தாள். காது வலிக்கு வந்தவரைக்கூடச் செருப்பைக் கழற்றச் சொன்னதில், "காது மேலதானே இருக்கு?" என்று அவர் முறைத்துக்கொண்டு போனார். லாண்டரிக்காரருக்கு அழுத்தம் இறங்கிக்கொண்டு வந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் அவர் தலையை ஆட்டிப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை அவள் நம்பவில்லை. எனக்காக இவர் இன்னும் எதை மறைக்கிறார்? இந்த மனிதர் உண்மையைச் சொல்லத் துணியாத இடத்தில் நான் உட்கார்ந்து என்ன பயன்? வெள்ளிக்கிழமை காலை, மேட்ரனிடம் சரி என்று சொல்லிவிடுவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு, வரிசையில் நிற்காமல், சீட்டும் வாங்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு லாண்டரிக்காரர் உள்ளே வந்தார்.

"என்ன மருந்தும்மா குடுத்தீங்க? ராத்திரி பூரா லொக்கு லொக்குன்னு ஒரே இருமல்! நானும் தூங்கல, எங்க வீட்லயும் தூங்கல. முதல் மாத்திரை காலை வீங்க வச்சுச்சு, இது தொண்டையைக் கீறுது. வாய் விட்டுப் பேச முடியல, கடைக்கு வர்றவங்க எல்லாம் எனக்கு என்னமோ தொத்து வியாதின்னு தள்ளி நிக்கறாங்க. இதையெல்லாம் யோசிச்சுப் பார்த்து எழுத மாட்டீங்களா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர் அறைக் கதவும் திறந்தது. டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

"எப்பலேர்ந்து இருமல்? சளி வருதா, வறட்டு இருமலா? மூச்சு வாங்குதா?"

"வறட்டு இருமல்தான். நாலஞ்சு நாளா. மூச்செல்லாம் வாங்கல. என்னால பொறுக்க முடியல, அவ்வளவுதான்!"

"முகம், உதடு எதுவும் வீங்கலையே? மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"வீங்கல. நிறுத்தவும் இல்ல. நிறுத்தினா நீங்க சும்மா விடுவீங்களா? அதான் கடையைச் சாத்திட்டு நேரா இங்க வந்துட்டேன்."

நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், மூச்சு சுத்தமாக இருந்தது. கணுக்காலைப் பார்த்தாள், வீக்கமில்லை. இருமல் வராத இன்னொரு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, "இதுவும் சரியில்லன்னா மறுபடி வருவேன், பார்த்துக்கோங்க" என்று முறைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மேட்ரன் கூப்பிட்டார்.

"என்ன, எப்ப வந்து சேர்ற?"

"வரல மேடம். வேற ஆளைப் போட்டுக்கோங்க."

"போன தடவை கேட்டப்பக்கூட வர்றமாதிரிதானே பேசின? அதுக்குள்ள என்ன ஆச்சு? அங்க யாராவது பாராட்டினாங்களா?"

"இல்ல மேடம்" என்றாள் அவள். சிரிப்பு வந்தது. "இன்னிக்கு ஒரு பேஷண்ட் வந்து என்னை நல்லா திட்டிட்டுப் போனாரு."