விசிலுக்கு முன்னால் முங்கிய தக்கை

சித்தூரில் குடையும் பையும் விற்கிற அப்துல் ஷுக்கூரின் கடையில், கல்லாவுக்கு மேலே ஒரு கோப்பை இருக்கிறது. ஆற்றோரத் தூண்டில் போட்டியில் போன வருடம் முதல் பரிசாக வாங்கியது. அதை அவர் தொடுவதே இல்லை. மனைவி ரஸியா துடைக்க வந்தாலும், "அது கெடக்கட்டும் புள்ள, உடு" என்பார். ஜெயித்த மனிதன் பேசுகிற பேச்சா இது?

பக்கத்துக் கடை காளிச்சாமியுடையது. மோட்டார் வைண்டிங். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். ஆறு வருடமாக இருவரும் ஒரே ஸ்கூட்டரில், தூண்டில் கழிகளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, ஒரே பாத்திரத்தில் பிசைந்த இரையோடு போட்டிக்குப் போனவர்கள். கடலைப் புண்ணாக்கும் மைதாவும் எல்லோரும்தான் பிசைகிறார்கள். இவர்கள் உருண்டையில் ஏலக்காய்த் தூளும் இருக்கும். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் இருக்கிற காளிச்சாமியின் தங்கை வருடத்துக்கு ஒரு டப்பா அனுப்புவாள். அந்த வாசனைக்குக் கெண்டை சொக்கி வரும் என்று இருவரும் அடித்துச் சொல்வார்கள். மீனைக் கேட்டால்தான் தெரியும்.

பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. முதல் வருடம் இரையை அள்ளி அள்ளி வீசியதில் மீன்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது. தூண்டில் முள்ளை ஒன்றுகூடச் சீண்டவில்லை. இன்னொரு வருடம் மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட, கலங்கலில் நாலு மணி நேரம் தூண்டில் நூலில் மிதக்கிற தக்கையைப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம். ஐந்தாம் வருடம் காளிச்சாமி மூன்றாவது, ஷுக்கூர் பதினேழாவது. உட்கார்ந்த இடம் சரியில்லை என்று ஷுக்கூர் புலம்பிக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் இருந்தவர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

இந்தப் போட்டியின் முறை இதுதான். கரை நெடுக எண் போட்ட குச்சிகள் நட்டிருக்கும். சீட்டில் எந்த எண் வருகிறதோ அங்கேதான் உட்கார வேண்டும். பிடித்ததை உயிரோடு வலைப்பையில் போட்டுத் தண்ணீரிலேயே வைத்திருந்து, கடைசி விசிலுக்குப் பிறகு எடை போட்டுத் திரும்ப ஆற்றில் விட வேண்டும். விசிலுக்கு முன் கடித்து, தக்கையை முங்க வைத்த மீன் சேரும், பின் கடித்தது சேராது. சந்தேகம் வந்தால் அடுத்த குச்சிக்காரர்தான் சாட்சி. அவர் வாயில் வருவதுதான் தீர்ப்பு.

போன வருடம் ஷுக்கூருக்கு எட்டாம் குச்சி, காளிச்சாமிக்கு ஒன்பது. எட்டில் மீன் ஏறுகிறது என்று கரையெல்லாம் பேச்சு. ஒன்பதும் சளைக்கவில்லை. கடைசி நிமிடத்தில் காளிச்சாமியின் தக்கை சடாரென்று முங்கியது. அதற்குப் பிறகுதான் விசில் ஊதியது. ஷுக்கூர் முன்னதைக் கண்ணாலே பார்த்தார், பின்னதைக் காதாலே கேட்டார். கரையேறியது இரண்டு கிலோ ரோகு.

நடுவர் மரியஜோசப் வந்தார். "விசிலுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்திங்க. ஷுக்கூரு பாத்தான், அவனக் கேளுங்க" என்றார் காளிச்சாமி. எத்தனை நிம்மதியாகச் சொன்னார் தெரியுமா? மீனின் வாயிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டே, இவர் பக்கம் திரும்பக்கூட இல்லாமல் சொன்னார்.

ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது; அந்த ரோகு சேர்ந்தால் அது காளிச்சாமிக்குப் போய்விடும். ஷுக்கூர் சொன்னார்: "நான் என் தக்கையத்தான் பாத்துட்டிருந்தேன். கவனிக்கலீங்க."

பொய் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாத பொய். அதுதான் அதிலிருந்த கேவலம். ரோகு சேரவில்லை. காளிச்சாமி வாதாடவில்லை, மீனை இரண்டு கையாலும் ஆற்றில் இறக்கிவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து "ஷுக்கூரு, டீ குடிக்க வாடா" என்ற குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. எதிரே பார்த்தால், "நல்லாருக்கீங்களா பாய்" என்பதோடு சரி. ஏலக்காய் டப்பாவும் வரவில்லை. ஷுக்கூர் எத்தனையோ தடவை அந்தக் கடை வாசல் வரை போனார். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பினார். அப்படியே ஒரு வருடத்தை ஓட்டினார், மடத்தனமாக.

இந்த வருடப் பட்டியலில் காளிச்சாமி பெயரைப் பார்த்த பிறகுதான் ஷுக்கூரும் பெயர் கொடுத்தார். கோப்பையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி அதை அவனிடம் கொடுத்துவிட வேண்டும், பழையபடி ஒரே ஸ்கூட்டரில் திரும்ப வேண்டும். மனசில் வேறெதுவும் இல்லை.

சீட்டில் இவருக்குப் பதினாலு, காளிச்சாமிக்குப் பதினைந்து. போட்டிக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முடிந்ததும் சொல்வோம் என்று உட்கார்ந்துவிட்டார். ஏலக்காய் இல்லாத உருண்டைக்கும் கெண்டைகள் வரத்தான் செய்தன. கடைசி நிமிடத்தில் இவருடைய தக்கை முங்கியது. விசில் ஊதியது. மூன்று கிலோவுக்குக் குறையாத கட்லா.

மரியஜோசப் நேராகப் பதினைந்தாம் குச்சிக்குப் போனார். "நீங்க பாத்தீங்களா?"

கவனிக்கவில்லை என்று சொல்லிவிடு காளி, என்று ஷுக்கூர் உள்ளுக்குள் மன்றாடினார். சொல்லிவிட்டால் சரிக்குச் சரியாகிவிடும், எனக்கும் மூச்சு வரும்.

"பாத்தேனுங்க" என்றார் காளிச்சாமி. "தக்கை முங்குனதுக்கு அப்பறந்தான் விசில் ஊதுச்சு. மீனு அவுங்களுதுதான்." நடுவரின் எடைச் சீட்டில் சாட்சிக் கையெழுத்தும் போட்டார்.

ஷுக்கூர் எழுந்தார். பையிலிருந்து கோப்பையை எடுத்தார். "காளி, போன வருசம் நானும் பாத்தேன். உன் தக்கை மொதல்ல முங்குச்சு. நான்தான் மறைச்சுட்டேன். இது உன்னுது."

கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காளிச்சாமி மட்டும் நிதானமாகக் கழியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியுமுங்க. முள்ளு ஏறுனதும் உங்ககிட்டச் சொல்லோணும்னு திரும்புனேன். நீங்க என் தக்கையத்தான் பாத்துட்டிருந்தீங்க."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பீங்க பாய். கேக்காமயே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். மொதல் ஒரு மாசம் நீங்க வாசலுக்கு வர்றப்பெல்லாம் ரெண்டு டீக்குச் சொல்லி உட்டுட்டு உக்காந்திருப்பேன். அப்பறம் சொல்றதில்லீங்க."

கோப்பையை வாங்கவில்லை. கழியை மடக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஷுக்கூர் பின்னாலேயே நாலடி போனார். அதற்குள் மரியஜோசப் இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கட்லா சேர்ந்ததில் இந்த வருடமும் முதல் பரிசு இவருக்குத்தான்.

ஸ்கூட்டரின் பின் சீட்டில் தன் கழியை வைத்துக் கட்டினார். இரண்டு கோப்பைகளோடு தனியாக வீடு வந்து சேர்ந்தார்.